கோட்டுக்கு மேல் ஆயில்

நவம்பர் 6

தம்பிக்கு,

பேசமாட்டேன் என்றுதான் அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் கவரைப் பார்த்ததும் "அக்கா மனசு மாறிட்டா" என்று குதிக்காதே. மனசு அப்படியேதான் இருக்கிறது. எனக்குக் கார் விஷயமாகக் கேட்க ஒரு ஆள் வேண்டும், நீ மெக்கானிக், அவ்வளவுதான்.

உன் முகவரி உன் அத்தானின் சட்டைப்பையில் கிடைத்தது. நாலு வருடமாக எனக்குத் தெரியாமல் உனக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறார், அமுக்குணி. நான் கேட்டதற்கு, "ஒரே ஒரு மச்சான்தானே எனக்கு இருக்கான்" என்று முனகிவிட்டு அச்சகத்துக்குக் கிளம்பிவிட்டார்.

வாண்டுவுக்கு ஆகஸ்டில் இரண்டாவது தடவை முழங்காலில் அறுவை செய்தார்கள் என்று அவர் எழுதியிருப்பார். பதினொரு வயதில் எந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் வரும், சொல்லு. இப்போது வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபி. காலை மடக்கக்கூடாது, நீட்டியபடியேதான் கொண்டுபோக வேண்டும். பஸ் படி அவளுக்கு ஆகாது. வாடகைக் காரில் பின் சீட்டு போதவில்லை, பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறாள். அதனால் சொந்தமாக ஒரு கார் வாங்கிவிட்டோம். நாலு கதவு, நீளமான டிக்கி, குடும்பக் கார் என்கிறார்கள்.

ஷோரூமில் டை கட்டிய பையன் ஒருவன் "டர்போ மேடம், டர்போ மேடம்" என்று உயிரை வாங்கினான். நான் கைப்பையிலிருந்து இஞ்சி டேப்பை எடுத்துப் பின் சீட்டை அளந்தேன். அவளுடைய காலும் ஒரு தலையணையும் போட்டு மேலும் ஒரு சாண் மிச்சம் இருந்தது. "இதையே குடுங்க" என்று சொல்லிவிட்டேன். டர்போ என்றால் என்ன என்று கேட்கவே இல்லை. அதற்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

ஷோரூமிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது, 'உங்கள் புதிய கார் பற்றிய முதல் எண்ணங்கள்' என்று. அவர்களுக்கு எல்லாக் கட்டத்திலும் ஐந்து நட்சத்திரம் போட்டு அனுப்பிவிட்டேன். உனக்கு உண்மையைச் சொல்கிறேன். சீட்டு நன்றாக இருக்கிறது. உள்ளே சத்தமே கேட்பதில்லை. கியர் தானே மாறுகிறது. ஆனால் இந்த வண்டி நான் சொல்வதைக் கேட்பதில்லை. மிதித்தால் சும்மா இருக்கிறது. சரி, கொஞ்சம் அழுத்துவோம் என்று அழுத்தினால் அப்போதும் சும்மா இருக்கிறது. பிறகு திடீரென்று பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்த மாதிரி பாய்கிறது. நேற்று தெருமுனையில் அப்படிப் பாய்ந்ததில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். உன் அத்தானுக்குச் சைக்கிளே தகராறு.

இது வண்டியில் கோளாறா, என்னிடம் கோளாறா? அதை மட்டும் எழுது. வேறு எதையும் எழுதாதே.

அக்கா


நவம்பர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நீ வேறு எதையும் எழுதாதே என்று சொல்லியிருப்பதால் நாலாவது தடவை எளிதாக இருக்கிறது.

கோளாறு இல்லை. டர்போ வண்டி அப்படித்தான். இன்ஜின் வெளியே விடும் புகைக்காற்று ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சக்கரம் சுற்றினால்தான் உள்ளே கூடுதல் காற்று போகும், அப்போதுதான் பலம் வரும். நீ மிதித்ததும் அது முதலில் மூச்சை இழுக்கும். அதற்கு ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியில் பயந்து இன்னும் அழுத்தாதே. நீ பயத்தில் அழுத்தியது எல்லாம் சேர்த்து அது பாயும். மிதித்த காலை அப்படியே வைத்துக்கொண்டு காத்திரு. வரும்.

இரண்டு விஷயம் செய். ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஆயில் அளக்கும் கம்பியை உருவிப் பார். கம்பியில் இரண்டு கோடு இருக்கும். ஆயில் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். புது இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கலாம். அதற்குத்தான் சொல்கிறேன்.

இங்கே பட்டறையில் எல்லாரும் என்னைப் 'பக்கத்து சீட்டு' என்று கூப்பிடுகிறார்கள். காரணத்தை நீ கேட்டால் சொல்கிறேன்.

வாண்டு எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்கலாமா?

தம்பி


நவம்பர் 27
ஓடியது: 88 கி.மீ.

தம்பிக்கு,

நீ காத்திரு என்று எழுதினாய். எங்கே காத்திருப்பது? நாற்சந்தியின் நட்டநடுவிலா?

செவ்வாய்க்கிழமை பிசியோதெரபி முடிந்து திரும்பினோம். எதிரே வரும் வண்டிகளைக் கடந்து நம் தெருவுக்குள் திரும்ப வேண்டும். தூரத்தில் ஒரு தண்ணீர் லாரி. எனக்கு நேரம் இருந்தது, சத்தியமாக இருந்தது. மிதித்தேன். வண்டி மூச்சை இழுத்தது. நான் நடுரோட்டில் குறுக்கே நிற்கிறேன், லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடிக்கிறான், பின் சீட்டின் கதவுப் பக்கம்தான் லாரி வருகிறது, அங்கேதான் அவள் காலை நீட்டிப் படுத்திருக்கிறாள். உன் பேச்சைக் கேட்டு ஒரு நொடி காத்திருந்தேனா, பயத்தில் மறுபடி அழுத்தினேனா, எனக்கே தெரியாது. பாய்ந்தது பார். நடைபாதை மேல் ஏறி, ஒரு தையல்கடை ஷட்டருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. தையல்காரர் ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார். "ஒண்ணும் ஆகலைம்மா, ஒண்ணும் ஆகலை, ஷட்டர்தானே" என்கிறார் பாவம். வாண்டு பின்னாலிருந்து ஒரு வார்த்தைகூடக் கத்தவில்லை. தலையணையை இறுக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

இன்னொன்று. ஆயில் குறையவில்லை, ஏறுகிறது. முதல் ஞாயிறு இரண்டு கோட்டுக்கும் சரியாக நடுவில் இருந்தது. அடுத்த ஞாயிறு மேல் கோட்டைத் தொட்டது. நான் லேப்பில் இருபது வருடமாக அளந்து கொட்டுகிறவள், எனக்குக் கை தவறாது. ஒரே இடம், ஒரே நேரம், சுத்தமான வெள்ளைத்துணி. நான் ஊற்றவில்லை, யாரும் ஊற்றவில்லை. தானாக எப்படி ஏறும்? சர்வீசில் கேட்டால், "அதெல்லாம் நார்மல் மேடம், குறைஞ்சாத்தான் கவலைப்படணும்" என்று சிரிக்கிறார்கள். ரத்தத்தில் எது கூடினாலும் கெட்ட செய்திதான் என்று நான் அறிந்தவள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாண்டு நன்றாக இருக்கிறாள். கேட்டுவிட்டாய், சொல்லிவிட்டேன்.

அக்கா


டிசம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். லாரி வந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆயில் ஏறுவது நார்மல் இல்லை. கம்பியை முகர்ந்து பார், பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று. உன் லேப்பில் வடிகட்டும் வட்டத் தாள் இருக்குமே, அதில் கம்பியிலிருந்து ஒரே ஒரு சொட்டு விட்டு, ஒரு நாள் முழுக்க ஆடாமல் வைத்து, பிறகு எனக்கு அனுப்பு. தாளைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

எண்பத்தெட்டு கிலோமீட்டரில் ஆயில் இவ்வளவு ஏறாது அக்கா. கணக்கு இடிக்கிறது. வண்டியை வேறு என்ன செய்கிறாய்? என்னிடம் மறைக்காமல் எழுது. நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை, அது உனக்குத் தெரியும்.

தம்பி


டிசம்பர் 9
ஓடியது: 119 கி.மீ.

தம்பிக்கு,

தாள் உள்ளே இருக்கிறது. மூக்கை வைத்ததுமே பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. சொட்டு நடுவில் கறுப்பாக நின்றது. அதைச் சுற்றி வெளுத்த வளையம் ஒன்று தாளின் ஓரம்வரை பரவிவிட்டது. ஒரு நோயாளியின் ரத்த மாதிரி இப்படி வந்தால் நான் உடனே டாக்டரைக் கூப்பிடுவேன். நான்கைந்து தடவை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

கேட்டுவிட்டாய், சொல்லித் தொலைக்கிறேன். சிரித்தால் கொன்றுவிடுவேன். பிசியோதெரபி இல்லாத நாட்களில் காலையில் கீழே போய், வண்டியில் ஏறி, பெல்ட் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பேன். எங்கும் போகமாட்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பிரேக்கை அழுத்தி அழுத்திப் பழகுவேன். பழகினால் பயம் போகும் என்று நினைத்தேன். குளிருக்கு இன்ஜின் சூடாகட்டும், வண்டிக்கும் நல்லதுதானே என்று ஒரு சாக்கு. உன் அத்தான் காபியைக் கண்ணாடி வழியாகக் கொடுத்துவிட்டு, "எந்த ஊர் வந்திருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

ஓட்டும்போதும் நாற்பதைத் தாண்டியதில்லை. வீட்டிலிருந்து பிசியோதெரபி மையத்துக்கு மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. நெடுஞ்சாலைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன். காரணம் உனக்குத் தெரியும்.

அக்கா


டிசம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

தாளை முதலாளியிடமும் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "யார்ரா இது, வண்டிய ஓட்டுறாங்களா, அடைகாக்குறாங்களா?" என்று கேட்டார். என் அக்கா என்று சொல்லவில்லை.

உன் இன்ஜின் ஒருநாள்கூட முழுதாகச் சூடாகவில்லை. ஆறிப்போன இன்ஜினுக்குப் பெட்ரோல் அதிகம் போகும். எரிந்தது போக மிச்சம் சுவரோரமாக வடிந்து ஆயிலில் கலக்கும். நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகப் போய்விடும். நீ சூடேறவே விடுவதில்லை. உட்கார்ந்தபடி அரைமணி நேரம் ஓடவிட்டாயே, அதுதான் இருப்பதில் மோசம். ஆயில் தண்ணீராகிக்கொண்டிருக்கிறது. அந்தச் சின்னச் சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் தடவைக்கு மேல் சுற்றக்கூடியது, அதைத் தாங்குவது அந்த ஆயில் ஒன்றுதான். இப்படியே போனால் ஒருநாள் ஓடும்போதே இன்ஜின் பிடித்துக்கொள்ளும். எந்த நாற்சந்தியில் பிடித்துக்கொள்ளும் என்று என்னால் சொல்ல முடியாது.

வண்டியில் ஒரு குறையும் இல்லை அக்கா. உன் பயம்தான் அதற்குள் போயிருக்கிறது.

உடனே ஆயிலை மாற்று. பிறகு வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் ஓட்டு. எண்பது, தொண்ணூறில் விடு. நன்றாக மிதி. வேறு மருந்து கிடையாது.

தம்பி


டிசம்பர் 18

எனக்கு மிதிக்கச் சொல்லிக்கொடுக்க நீ யார்?

என் பயம் வண்டிக்குள் போயிருக்கிறதாம். அந்தப் பயத்தை எனக்குள் போட்டது யார்? எந்தச் சாலையில் யார் ஓட்டிய வண்டியில் என் பிள்ளையின் கால் போனது? தைரியம் இருந்தால் நீயே வந்து ஓட்டு. வந்து நெடுஞ்சாலையில் தொண்ணூறில் விடு. ஊரை விட்டு ஓடிப்போய்ப் பட்டறையில் உட்கார்ந்துகொண்டு கடிதத்தில் மிதி மிதி என்பதற்கு எவ்வளவு நேரமாகும்?

கிலோமீட்டர் எழுதவில்லை. எழுதமாட்டேன்.


டிசம்பர் 24

அக்கா,

நீ கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து சீட்டு என்று ஏன் கூப்பிடுகிறார்கள் என்றால், நான் வண்டி ஓட்டுவதில்லை. அன்றைக்குப் பிறகு ஒருநாளும் ஓட்டவில்லை. லைசென்சை ஒரு வருடம் வாங்கி வைத்திருந்தார்கள். திருப்பிக் கொடுத்த பிறகு அதைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன். வண்டியைப் பழுது பார்த்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டுமே, அப்போது வேறு யாராவது ஓட்டுவார்கள். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுச் சொல்வேன். முன்னால் லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். காது மட்டும் போதும் என்று முதலாளி விட்டுவைத்திருக்கிறார்.

அதனால் நான் வந்து ஓட்ட முடியாது. தைரியம் இருந்தால் வா என்றாய். இல்லை அக்கா.

அன்றைக்கு என் கை தவறிவிட்டது என்று போலீசில் சொன்னேன், டாக்டரிடம் சொன்னேன், அத்தானிடமும் சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். நீ பயப்பட வேண்டாம்.

ஆயிலை மட்டும் மாற்றிவிடு. என் மேல் உள்ள கோபத்தில் அதை விட்டுவிடாதே.

தம்பி


ஜனவரி 16
ஓடியது: 214 கி.மீ.

தம்பி,

மூன்று வாரமாக உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். "நீ பயப்பட வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாய் பார், அதைவிட நீ என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

உன் கடிதம் வந்த மறுநாளே ஆயிலை மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலைக்குப் போனேன். தனியாகப் போகிறேன் என்றால் வாண்டு கேட்கவில்லை, "நானும் வர்றேம்மா, எனக்கும் காலை நீட்டிட்டு உக்காந்தா போர் அடிக்குது" என்று ஏறிக்கொண்டாள். நாலாவது கிலோமீட்டரில் இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று முன்னால் வந்தது. அதன் பின்விளக்கைப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டிவிட்டது. ஓரமாக நிறுத்திவிட்டு, வெயிலில் கால்மணி நேரம் நின்று, திரும்பி வந்துவிட்டேன். போன ஞாயிறு அளந்தேன். புது ஆயிலும் ஏற ஆரம்பித்திருக்கிறது.

வண்டி நின்றுவிட்டால் பிசியோதெரபியும் நின்றுவிடும். இன்னும் மூன்று மாதம் செய்தால் தடி இல்லாமல் நடப்பாள் என்று டாக்டர் சொல்கிறார். என் பயத்தால் அவள் காலை இரண்டாவது தடவையும் நானே கெடுக்கப் போகிறேன்.

ஆமாம், இரண்டாவது தடவை. எழுதிவிட்டேன்.

அன்றைக்கு நீ லாரியை முந்த வெளியே எடுத்தாய். எதிரே வந்த வேன் தூரத்தில்தான் இருந்தது. இடம் இருந்தது. நமது பழைய வண்டி கொஞ்சம் திணறியது, அவ்வளவுதான். எனக்கு அந்த நேரத்தில் வேன் மட்டும்தான் தெரிந்தது. உன் கை தவறவில்லை. நான்தான் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன். அந்தச் சுவரில் கொண்டுபோய் மோதியது நான். ஆஸ்பத்திரியில் நீ "என் கை தவறிடுச்சு" என்று சொன்னபோது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். திறந்து, இனி உன்னோடு பேசமாட்டேன் என்று கத்தினேன். உன் முகத்தைப் பார்த்தால் உண்மை ஞாபகம் வரும் என்று உன்னைத் துரத்திவிட்டேன். நாலு வருடமாக என் பெண் உன்னைக் குற்றவாளி என்று நினைத்து வளர்கிறாள்.

அத்தானிடம் நேற்று சொல்லிவிட்டேன். "அவனுக்கு எழுது" என்றார். வாண்டுவிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

இருநூற்றுப் பத்து கிலோமீட்டர் தூரத்தில் நீ இருக்கிறாய். இன்ஜின் சூடாக அது போதுமா? வருகிற 30ஆம் தேதி சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நானும் அவளும் கிளம்புகிறோம். வரவேண்டாம் என்று எழுதினால் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வருவேன்.

அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

வரவேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ கிழித்துவிடுவாய்.

நீ வருகிறாய் என்று படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. நேற்று ஒரு நட்டை மூன்று தடவை கீழே போட்டேன். முதலாளி என்னடா என்று கேட்டார், அக்கா கார் ஓட்டிக்கொண்டு வருகிறாள் என்றேன். "அடைகாக்குற அக்காவா?" என்றார். அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

கேட்டுக்கொள். டயரில் காற்றைச் சரிபார். முதல் பத்து நிமிடம் மெதுவாக வா, சூடேறட்டும். பிறகு எண்பது. அதற்குக் கீழே இறங்காதே. லாரி முன்னால் வந்தால் பின்னாலேயே வா. முந்த வேண்டிய அவசியம் இல்லை, முந்தாதே. இங்கே யாரும் உனக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

அது பொய். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கிளம்பி அறுபதாவது கிலோமீட்டரில் அந்தச் சுவர் வரும். அதைப் பார்க்காதே. அவளிடம் எதுவும் சொல்லாதே அக்கா, என்னைக் கெட்டவன் என்று நினைப்பது அவளுக்குப் பழகிவிட்டது. உன்னை அப்படி நினைக்க அவளால் முடியாது. பிள்ளைக்கு நீதான் தினமும் வேண்டும், நான் வேண்டியதில்லை.

பட்டறை வாசலில் நிற்பேன்.

தம்பி


பிப்ரவரி 2
ஓடியது: 667 கி.மீ.

தம்பிக்கு,

வீடு வந்து சேர்ந்தோம். ஆயில் கம்பி இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கிறது, பெட்ரோல் வாடை இல்லை. தாள் உள்ளே வைத்திருக்கிறேன், உன் முதலாளியிடம் காட்டு. அடைகாத்தவள் கொடுத்தாள் என்று சொல்லு.

பட்டறையில் நாம் இரண்டு பேரும் என்ன பேசினோம்? ஒன்றும் பேசவில்லை. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், டயரில் காற்று இருக்கிறதா, இருக்கிறது. அதனால் சொல்ல வேண்டியதை எழுத வேண்டியிருக்கிறது.

உன்னிடம் வரும்போது அந்தச் சுவரிடம் நிறுத்தினேன். நீ சொன்னதைக் கேட்கவில்லை. உடைந்த இடத்தை மட்டும் புதுச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள், நிறம் வேறாக இருக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை, கண்ணாடியில்தான் அவளைப் பார்த்தேன். "மாமா மேல தப்பில்லை, நான்தான் இழுத்தேன்" என்று சொன்னேன்.

"தெரியும்மா" என்றாள்.

"என்னடி தெரியும்?"

"நான் பின்னாடிதானே உக்காந்திருந்தேன். உன் வளையல் சத்தம் கேட்டுச்சு. நீ கைய நீட்டுனதும் பாத்தேன்."

"அப்பவே ஏண்டி சொல்லல?"

"நீ ரொம்ப பயந்துபோயிருந்தே. பயம் போனதும் சொல்லலாம்னு விட்டேன். அது போகவே இல்லை."

ஏழு வயதில் அதைப் பார்த்து, எனக்காக நாலு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது தம்பி, அந்தப் பிள்ளை. உன்னைப் போலவே. அங்கே ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்து அழுதேன். நீ வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெயில் அதிகமா?" என்று கேட்டாயே, என் முகம் அப்படி இருந்ததற்குக் காரணம் இதுதான்.

இப்போது திரும்பி வந்த கதைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது நீ சாவியைக் கேட்டதும் உன் முதலாளி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டார். சுவர்வரை நானே ஓட்டிவிட்டு அங்கிருந்து பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன் என்று நீ சொன்னபோது உன் குரல் உன் குரலாகவே இல்லை. நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

பாதி வழியில் மூங்கில் ஏற்றிய லாரி வந்தது. நீ அதன் பின்னால் வெகுதூரம் போனாய். உன் காதோரம் வியர்வை வழிவதைப் பார்த்தேன். பிறகு விளக்கைப் போட்டு, வெளியே எடுத்து, மிதித்தாய். அந்த ஒரு நொடி வந்தது. வண்டி சும்மா இருந்தது. எதிரே தூரத்தில் ஏதோ ஒரு வண்டி. நீ ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, அதனால் பக்கத்தில் நான் இருந்த இருப்பு உனக்குத் தெரிந்திருக்காது. என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் என் முழு பாரத்தையும் போட்டு உட்கார்ந்திருந்தேன். கை வெளியே வரத் துடித்தது. விடவில்லை. வண்டி மூச்சை இழுத்து முடித்தது, பாய்ந்தது, லாரி பின்னால் போய்விட்டது. நீ கண்ணை மூடவில்லை. நான் பார்த்தேன்.

சுவரிடம் உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு நான் ஓட்டுகிற சீட்டுக்கு மாறினேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"அம்மா, மாமா லாரிய முந்துனப்போ உன் கை ரெண்டும் எங்க இருந்துச்சுன்னு நான் பாத்தேன்."

"எங்க இருந்துச்சாம்?"

"காலுக்கு அடியில."

கண்ணாடியில் அவளைப் பார்த்தேன்.

"நானும் அப்படித்தாம்மா வச்சிருந்தேன்" என்றாள்.

அக்கா